நோவா லேக்கில் ஏவிஎக்ஸ்10.2: சின்ன கோர்களுக்கும் 512 பிட்!

வணக்கம் நண்பர்களே. மேசையைக்கூட ஒழுங்குபடுத்தாமல் உட்கார்ந்துவிட்டேன், அவ்வளவு சந்தோஷம். இன்டெல் 2025 நவம்பரில் தன் கட்டளைத் தொகுதி ஆவணத்தைத் திருத்தியிருக்கிறது. அதில் தன் நோவா லேக் பிராசசர்களுக்கு ஏவிஎக்ஸ்10.2 உண்டு என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள்! ஏவிஎக்ஸ் என்றால் ஒரே கட்டளையில் பல எண்களைச் சேர்த்துக் கணக்கிடும் வசதி; ஏவிஎக்ஸ்-512இல் ஒரு தடவைக்கு 512 பிட் வரை, ஏவிஎக்ஸ்10 அதன் வாரிசு. ஆல்டர் லேக் பற்றி நான் கத்திய வீடியோவைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சேதி என்று தெரியும்.

புதியவர்களுக்காக ஒரு தடவை. 2021 மார்ச்சில் வந்த இன்டெல்லின் ராக்கெட் லேக் பிராசசரில் ஏவிஎக்ஸ்-512 இருந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஆல்டர் லேக் வந்தது. அதில் கணக்குப் போடும் கோர்கள் இரண்டு வகை: வேகத்துக்குப் பெரியவை, மின்சாரத்தை மிச்சம் பிடிக்கச் சின்னவை. பெரிய கோர்களில் 512 பிட் வசதி உண்டு, சின்ன கோர்களில் கிடையாது. பெரிய கோரில் ஓடும் நிரலை இயங்குதளம் பாதியில் சின்ன கோருக்கு மாற்றினால், தெரியாத கட்டளை வந்ததும் நிரல் அங்கேயே செத்துவிடும். அதனால் வசதி இருந்தும் இல்லை என்றே அறிவித்தார்கள். சில மதர்போர்டுகளில் சின்ன கோர்களை அணைத்தால் பயாஸில், அதாவது கணினியைத் தொடக்கும் அடிப்படை நிரலில், அதைத் திறக்க முடிந்தது. 2022இல் பயாஸ் புதுப்பிப்பு வழியாக அதையும் அடைத்து, பிறகு வந்த சிப்களில் நிரந்தரமாகவே துண்டித்துவிட்டார்கள். சிலிக்கானில் இடம் ஒதுக்கிச் செய்ததை யாராவது பூட்டி வைப்பார்களா?

அந்தப் பூட்டுக்கு இன்று ஒரு விலை இருக்கிறது, கேளுங்கள். பழைய மதர்போர்டு விற்கும் ஒருவர், பயாஸ் புதுப்பிக்கப்படாதது என்பதற்காக மட்டும், வழக்கமான விலைக்கு மேல் ஆறாயிரம் ரூபாய் கேட்டார். ஆறாயிரம்! நல்ல எஸ்எஸ்டி ஒன்று வாங்கலாம். "போட்டுக் காட்டுங்கள்" என்றேன். சிப்பையும் அவரே மாட்டினார். பயாஸில் நுழைந்து சின்ன கோர்களை அணைத்தோம். ஏவிஎக்ஸ்-512 என்ற வரி திரையில் வந்தது. எனக்குக் கை நடுங்கியது. ஆனாலும் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் பேரம் பேசி, இரண்டாயிரத்துக்கு இறக்கி வாங்கிவிட்டேன். இதோ, இதுதான் அந்தப் பலகை.

இதற்கிடையே இன்டெல் பெற்ற பிள்ளையை வளர்த்தது போட்டி நிறுவனமான ஏஎம்டி. 2022இல் ரைசன் 7000, அதாவது ஸென் 4, ஏவிஎக்ஸ்-512உடன் வந்தது. 2024இல் ரைசன் 9000, அதாவது ஸென் 5. ஒன்றைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன்: ஸென் 4 ஒரு 512 பிட் கட்டளையை 256 பிட்டாக இரண்டு தவணையில் முடிக்கும். மேசைக்கணினி ஸென் 5இல்தான் முழு 512 பிட் பாதை.

எனக்கு அகலத்தைவிடப் பிடித்தது மாஸ்க், அதாவது எந்தெந்த எண்களில் மட்டும் வேலை நடக்க வேண்டும் என்று சொல்லும் பிட் வரிசை. 32 பிட் எண்கள் நூறு இருக்கின்றன என்று வையுங்கள். 512 பிட்டில் பதினாறு எண்கள் அடங்கும்; பதினாறு பதினாறாக ஆறு சுற்று போனால் நான்கு மிஞ்சும். 256 பிட் அகலமுள்ள பழைய ஏவிஎக்ஸ்2இல் இப்படி மிஞ்சுகிற எண்களுக்குப் பெரும்பாலும் தனியாக ஒரு லூப் எழுத வேண்டும். ஏவிஎக்ஸ்-512இல் மாஸ்க்கில் நான்கு பிட்டை மட்டும் ஏற்றினால் போதும், அதே கட்டளை வேலையை முடித்துவிடும். இந்த எண்களைக் கணக்கின்போது பிடித்து வைக்கும் வெக்டர் ரெஜிஸ்டர்களும் 16 அல்ல, 32.

நான் வெறுப்பது ஏவிஎக்ஸ்-512இன் கொடிகளின் குப்பையை, அதாவது எந்தத் துணை வசதி சிப்பில் உண்டு என்று காட்டும் அடையாளங்களை. எஃப், பிடபிள்யூ, டிகியூ, விஎல், விஎன்என்ஐ என்று ஒவ்வொன்றும் இருக்கிறதா இல்லையா என்று நிரல் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஏவிஎக்ஸ்10இல் ஒரே பதிப்பு எண். பெரிய எண்ணுக்குள் சிறியவை எல்லாம் அடக்கம். 2023 ஜூலையில் இதை அறிவித்தபோது 256 பிட்டோடு நின்றுவிடும் சிப்களுக்கும் இடம் கொடுத்திருந்தார்கள். அதுதான் எனக்கு ஆகவில்லை. 2025 மார்ச்சில் அதை நீக்கி, பெரிய கோர், சின்ன கோர் இரண்டுக்கும் 512 பிட் என்று உறுதி செய்தார்கள். அருமையான முடிவு!

அடடா, ஏபிஎக்ஸ் என்ற இன்னொரு கட்டளை விரிவாக்கம் விட்டுப்போனது. அதுவும் நோவா லேக்கில் உண்டு. பொதுப் பயன்பாட்டு ரெஜிஸ்டர்கள் 16இலிருந்து 32 ஆகின்றன. அதற்குத் தனி வீடியோ போடுகிறேன்.

இனி எனக்கு ஒரே ஒரு கவலை, மலிவு சிப்கள். 2013இல் ஹாஸ்வெல் ஏவிஎக்ஸ்2 கொண்டுவந்தபோது பென்டியம், செலரான் வரிசையில் அதை வெட்டிவிட்டார்கள். குறைந்த விலைக்கு வாங்கியவரிடம் இல்லாத கட்டளையை நிரலாளர் எப்படித் துணிந்து எழுதுவார்? நோவா லேக்கின் கடைசி மாடல் வரை இந்த வசதி வர வேண்டும். உங்கள் கணினியில் என்ன சிப், அதில் ஏவிஎக்ஸ்-512 இருக்கிறதா என்று கீழே எழுதுங்கள். அடுத்த வீடியோவில் இந்தப் பலகையையும் ஸென் 5ஐயும் பக்கத்தில் வைத்து எக்ஸ்265 என்ற வீடியோ சுருக்கும் நிரலை ஓட்டப் போகிறேன்.