நூற்றுக்கு 158.3

(நியூ ஜெர்சியில் தமிழ் நண்பர்கள் மாதம் ஒருமுறை கூடும் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம்.

போன மாதம் இதே இடத்தில் கம்பனைப் பற்றிப் பேசினார்கள். இந்த மாதம் அமெரிக்கக் கால்பந்து என்று தெரிந்ததும் ஒரு பெரியவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "ஏன் தம்பி, எல்லாத்தையும் கையால செய்யற ஆட்டத்துக்கு எதுக்குக் கால்பந்துன்னு பேரு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் தயாராகி வந்திருப்பது வேறொரு கேள்விக்கு. ஒரு குவாட்டர்பேக் கெட்டிக்காரரா, சுமாரா என்பதை எதை வைத்துச் சொல்வது?

ஆட்டம் தெரியாதவர்களுக்கு நாலு வரி. இந்தப் பக்கம் பதினொரு பேர், அந்தப் பக்கம் பதினொரு பேர். பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முன்னேறிவிட்டால் மறுபடியும் நான்கு முயற்சி கிடைக்கும். கிட்டத்தட்ட ஒவ்வொரு முயற்சியும் ஒருவர் கைக்குப் பந்து வருவதில் தொடங்குகிறது. அவர்தான் குவாட்டர்பேக். பந்தை எறியலாம், பக்கத்தில் ஓடுகிறவரிடம் கொடுக்கலாம், தானே தூக்கிக்கொண்டு ஓடலாம். எதைச் செய்வதென்று இரண்டு மூன்று விநாடிக்குள் முடிவெடுக்க வேண்டும். அதற்குள் நூற்றிருபது, நூற்றைம்பது கிலோ ஆட்கள் மேலே விழ வந்துவிடுவார்கள்.

என் அலுவலகத்தில் ஒரு பிலடெல்பியாக்காரர் இருக்கிறார். திங்கட்கிழமை காலையில் காபி மெஷின் பக்கத்தில்தான் நிற்பார். "எண்ணெல்லாம் சும்மா. நான் கண்ணால் பார்த்தேன்" என்பது அவர் கட்சி. அவருக்கு எதிரே கணக்குப் பிரிவிலிருந்து ஓர் இளைஞர், கையில் ஃபோன், ஃபோனில் அட்டவணை. "கண்தான் ஏமாற்றும்" என்பது அவர் கட்சி. பல வருடங்களாக இந்தச் சண்டையை நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்டுக் கேட்டு எனக்கு ஒன்று தோன்றியது. இரண்டு பேரும் சொல்வது கருத்துதான். ஒருவருடையது இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும் கருத்து. மற்றவர் கையில் இருப்பது என்றோ யாரோ ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவு செய்து, பிறகு உறைந்துபோன கருத்து. எண்ணாக உறைந்திருப்பதால் அது கருத்து என்பதே மறந்துபோகிறது.

எப்படி என்று காட்டுகிறேன். இந்த ஆட்டத்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் 1973இல் 'பாசர் ரேட்டிங்' என்ற கணக்கை ஏற்றுக்கொண்டது. இன்றும் டி.வி.யில் குவாட்டர்பேக் படத்துக்குக் கீழே வருவது அதுதான். அது நான்கே விஷயங்களைப் பார்க்கும். எறிந்ததில் எத்தனை சதவீதம் தன் ஆள் கையில் சேர்ந்தது, ஓர் எறிக்குச் சராசரி எத்தனை கஜம், எத்தனை சதவீதம் டச்டவுன் ஆனது (அதாவது எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி தந்தது), எத்தனை சதவீதத்தை எதிரணி பிடித்துக்கொண்டது. கடைசியாகச் சொன்னதுதான் இன்டர்செப்ஷன். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து 2.375 வரை மதிப்பெண். நான்கையும் கூட்டி, ஆறால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். அதிகபட்சம் 158.3.

முதல்முறை படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். நம்மூரில் நூற்றுக்கு நூறு எடுத்தவனையே சந்தேகமாகப் பார்ப்போம், இங்கே 158.3! வேடிக்கை மறு முனையிலும் உண்டு. ஒரு குவாட்டர்பேக் ஆட்டம் முழுக்க ஒவ்வொரு பந்தையும் தரையில் அடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரும் பிடிக்கவில்லை, ஒரு கஜம்கூட நகரவில்லை. அவருக்கு ரேட்டிங் 39.6. எதிரணியும் பிடிக்கவில்லை அல்லவா, அதற்காக அந்த 2.375 முழுசாகக் கிடைத்துவிடும். இன்னொன்று. எறிந்ததில் 9.5 சதவீதம் எதிரணி கைக்குப் போனாலே அந்தப் பகுதி பூஜ்யமாகிவிடும். அதற்குக் கீழே இறங்காது. இருபது முறை எறிந்து இரண்டை எதிரிக்குக் கொடுத்துவிட்டால், மூன்றாவதையும் நான்காவதையும் கொடுப்பதற்குத் தனித் தண்டனை இல்லை. பார்வையாளர்கள் தலையில் கைவைத்துக்கொள்வார்கள், ரேட்டிங் கண்டுகொள்ளாது.

இதெல்லாம் சின்னக் குறை. பெரிய விஷயம் உள்ளே இருக்கிறது. அன்றைய சராசரி ஆட்டக்காரருக்கு ஒவ்வொரு பகுதியிலும் 1 வரவேண்டும் என்று கணக்கை அமைத்தார்கள். அன்றைய சராசரி என்றால் எறிவதில் பாதி போய்ச் சேருவது, எறிக்கு 7 கஜம், நூற்றுக்கு 5 டச்டவுன், நூற்றுக்கு ஐந்தரை இன்டர்செப்ஷன். அப்படி ஆடுகிறவருக்கு ரேட்டிங் 66.7 வரும். இன்று சராசரியாக மூன்றில் இரண்டு பங்கு எறிகள் போய்ச் சேருகின்றன, லீக் சராசரி ரேட்டிங் 90ஐ ஒட்டி நிற்கிறது. இன்று ஒருவர் சீசன் முழுக்க 66.7இல் ஆடினால் அவரை உட்காரவைத்துவிட்டு வேறு ஆளைத் தேடுவார்கள். அளவுகோல் மட்டும் இன்னும் அந்தப் பழைய சராசரியிலேயே நிற்கிறது.

அதனால்தான் அறுபதுகளின் நட்சத்திரக் குவாட்டர்பேக் ஜோ நேமத்தின் கதை இளைஞர்களுக்குப் புரிவதில்லை. அவருடைய வாழ்நாள் ரேட்டிங் 65.5. டச்டவுன் 173, இன்டர்செப்ஷன் 220. இந்த மனிதர் எப்படிப் புகழ் மண்டபத்துக்குள் போனார் என்று எங்கள் அலுவலக இளைஞர் நிஜமாகவே கோபப்பட்டார். 1967இல், பதினான்கே ஆட்டம் கொண்ட சீசனில், 4,000 கஜத்தைத் தாண்டிய முதல் ஆள் நேமத். 1969 ஜனவரியில் மூன்றாவது சூப்பர் பவுல், அதாவது கோப்பைக்கான இறுதிப் போட்டி. அவருடைய நியூ யார்க் ஜெட்ஸ் 18 புள்ளி வித்தியாசத்தில் தோற்கும் என்று பந்தயக்காரர்கள் கணித்திருந்தார்கள். "நாங்கள் ஜெயிப்போம், உத்தரவாதம் தருகிறேன்" என்று சொல்லிவிட்டு, 16க்கு 7 என்று பால்டிமோர் கோல்ட்ஸை ஜெயித்துக் காட்டினார். அந்த ஆட்டத்தில் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. அன்று அவர் எறிந்த டச்டவுன் எத்தனை தெரியுமா? ஒன்றுகூட இல்லை.

சரி, அந்தச் சராசரி ஏன் உயர்ந்தது? 1978இல் விதிகள் மாறி, பந்து பிடிக்க ஓடுகிறவரைத் தடுப்பாளர்கள் வழியெல்லாம் இடிப்பது நின்றது ஒரு காரணம். எனக்குப் பிடித்தது இன்னொரு காரணம். சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியில் கிரெக் குக் என்று ஒரு புதுப் பையன், பீரங்கி மாதிரிக் கை. 1969இல் முதல் சீசனிலேயே தோள்பட்டை போய்விட்டது. மாற்றாக வந்த வெர்ஜில் கார்ட்டருக்குத் தூரமாக எறியும் கை இல்லை. அங்கே உதவிப் பயிற்சியாளராக இருந்த பில் வால்ஷ், இருக்கிற கைக்கு ஏற்ற ஆட்டத்தைத் தைத்தார். குட்டி எறி, பக்கவாட்டு எறி, குறித்த இடத்துக்குக் குறித்த நேரத்தில் எறி. 1971இல் கார்ட்டர் 62.2 சதவீதம் எறிகளைச் சேர்த்து லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். அந்த ஆட்டமுறைதான் பிற்பாடு நாடு முழுக்கப் பரவியது.

அதே 1971இல் அதே கார்ட்டர் இன்னொரு காரியமும் செய்தார். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மேலாண்மை படித்துக்கொண்டிருந்தவர், ராபர்ட் மேக்கல் என்ற பேராசிரியரோடு சேர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். மைதானத்தின் ஒவ்வோர் இடத்திலும் பந்து கையில் இருந்தால் அதற்குச் சராசரியாக எத்தனை புள்ளி பெறுமானம் என்று கணக்கிட்டது அது. சொந்த எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் பந்து கையில் இருப்பது நஷ்டம், பெறுமானம் பூஜ்யத்துக்கும் கீழே என்று வந்தது. குவாட்டர்பேக்குகளை அளக்க இன்று பயன்படும் 'எதிர்பார்ப்புப் புள்ளி' கணக்கு அங்கேதான் முளைத்தது. ஒரு குவாட்டர்பேக்கே உட்கார்ந்து போட்ட கணக்கு! பேச்சுக்குத் தயாராகும்போது இதைப் படித்துவிட்டு எழுந்து போய் ஒரு டீ போட்டுக் குடித்தேன், அவ்வளவு சந்தோஷம்.

அந்தக் கணக்கு எதைத் திருத்துகிறது என்றால், மூன்றாவது முயற்சியில் எட்டு கஜம் வேண்டியிருக்கும்போது ஒருவர் ஏழு கஜத்துக்கு எறிந்தால் அது தோல்வி, நான்காவதில் பெரும்பாலும் பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். இரண்டு கஜம் வேண்டியிருக்கும்போது மூன்று கஜத்துக்கு எறிந்தால் வெற்றி. பழைய ரேட்டிங்குக்கு மூன்றைவிட ஏழு பெரியது, அவ்வளவுதான். புதுக் கணக்கு நிலைமையைப் பார்க்கும். ஆனாலும் கஜத்தை யார் பேரில் எழுதுவது என்ற தகராறு தீரவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவின் பிராக் பர்டி 2022 டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் நிகழ்ச்சி அது) கடைசி ஆளாக, 262ஆவதாக எடுக்கப்பட்டவர். அடுத்த ஆண்டே 113.0 ரேட்டிங்கோடு லீக்கில் முதலிடம். உடனே பாதி நாடு, "அது பயிற்சியாளர் போட்ட திட்டம், பிடிக்கிறவர்கள் ஓடிய ஓட்டம்" என்றது. இரண்டு கஜத்துக்கு எறிந்ததைப் பிடித்தவர் எழுபது கஜம் ஓடினால், எறிந்தவர் கணக்கில் எழுபத்திரண்டு ஏறும் என்பது உண்மைதான். ஆனால் ஓடுவதற்குத் தோதாக, நெஞ்சு உயரத்தில், கால் நிற்காமல் பிடிக்கும்படி எறிந்தது யார்? இதற்கு எந்த அட்டவணையிலும் கட்டம் கிடையாது.

அப்புறம், கோப்பையை வைத்து எடைபோடுகிற கட்சி. நம்மவர்களில் பெரும்பான்மை இந்தக் கட்சிதான், கிரிக்கெட் பழக்கம். இவர்களிடம் நான் இரண்டு பேரைச் சொல்வேன். டான் மரீனோ, தன் இரண்டாவது சீசனில், 1984இல், 5,084 கஜமும் 48 டச்டவுனும் எறிந்தார். அந்த 48ஐத் தாண்ட இருபது வருடம் ஆயிற்று. ஒரே ஒரு சூப்பர் பவுல் ஆடினார், தோற்றார். டிரென்ட் டில்ஃபர் 2000ஆம் ஆண்டு சீசனில் பால்டிமோர் ரேவன்ஸோடு சூப்பர் பவுல் ஜெயித்தார். அந்த அணியின் தடுப்பாட்டம் பதினாறு ஆட்டத்தில் விட்டுக்கொடுத்தது 165 புள்ளிதான். தாக்குதல் பக்கமோ தொடர்ந்து ஐந்து ஆட்டம் ஒரு டச்டவுன்கூடப் போடாத சீசன் அது. கோப்பை கைக்கு வந்ததும் அணி டில்ஃபரை வைத்துக்கொள்ளவில்லை, வேறு ஆளை எடுத்துக்கொண்டது. கோப்பை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று அந்த அணி நிர்வாகத்துக்கே தெரிந்திருந்தது.

ரசிகர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் பிலடெல்பியா நண்பர் கோபித்துக்கொள்வார். 1999 டிராஃப்ட், நியூ யார்க். இரண்டாவது வாய்ப்பு பிலடெல்பியா ஈகிள்ஸுக்கு. ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்த ரசிகர்கள் ரிக்கி வில்லியம்ஸ் என்ற ஓட்டக்காரர் வேண்டும் என்று காத்திருக்கிறார்கள். மேடையில் அறிவித்த பெயர் டோனவன் மெக்நாப். அரங்கமே ஊளையிட்டது. வாழ்க்கையிலேயே பெரிய நாளில், புதுக் கோட்டு போட்டுக்கொண்டு, அந்த ஊளைக்கு நடுவே அந்த இளைஞர் மேடையேறினார். பிறகு அந்த அணியை ஐந்து முறை கான்ஃபரன்ஸ் இறுதிப் போட்டிக்கும் (சூப்பர் பவுலுக்கு முந்தைய ஆட்டம்) ஒருமுறை சூப்பர் பவுலுக்கும் கொண்டுபோனார். என் நண்பரிடம் இதைச் சொன்னால், "ஆமா, ஆனா கோப்பை வாங்கித் தரலையே" என்பார். ஊளை இன்னும் அடங்கவில்லை, சத்தம்தான் குறைந்திருக்கிறது.

நிபுணர்களும் ஒன்றும் வாழவில்லை. டாம் பிரேடியை 2000 டிராஃப்டில் 199ஆவதாகத்தான் எடுத்தார்கள். அவருக்கு முன்னால் ஆறு குவாட்டர்பேக்குகள் போய்விட்டார்கள். அவர் ஏழு கோப்பை ஜெயித்த கதை எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

அண்மைக் கதைக்கு வருகிறேன். 2024 சீசன். பால்டிமோரின் லமார் ஜாக்சன் 4,172 கஜம், 41 டச்டவுன், நான்கே இன்டர்செப்ஷன், போதாததற்கு 915 கஜம் ஓட்டம். பஃபலோவின் ஜாஷ் ஆலன் 3,731 கஜம், 28 டச்டவுன், கூடவே ஓடிப் போட்ட 12. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தேர்ந்தெடுத்த ஐம்பது பேர் குழு வாக்களித்தது. ஆண்டின் சிறந்த அணிக்கு முதல் குவாட்டர்பேக் யார்? ஜாக்சனுக்கு 30, ஆலனுக்கு 18. மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் யார்? ஆலனுக்கு 27 முதலிட வாக்கு, ஜாக்சனுக்கு 23. அதே ஐம்பது பேர்! சிரிக்காதீர்கள். 'சிறந்தவர்' என்றும் 'மதிப்புமிக்கவர்' என்றும் இரண்டு சொல்லைக் கொடுத்ததும் அவர்களில் சிலர் இரண்டு பேரை நினைத்துக்கொண்டார்கள். தங்கள் கருத்துக்குள் இரண்டு அறை இருப்பதை வெளிப்படையாகக் காட்டினார்கள், நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இந்த இருவரும் 2025 ஜனவரி 19 அன்று பஃபலோ மைதானத்தில் நேருக்கு நேர் மோதினார்கள். தோற்றால் வீட்டுக்கு. பனி கொட்டும் இரவு. ஜாக்சன் 25 எறிந்து 18 சேர்த்து, 254 கஜம், இரண்டு டச்டவுன், ஒரு இன்டர்செப்ஷன். ஆலன் 22 எறிந்து 16 சேர்த்து, சரியாக அதில் பாதி, 127 கஜம். எறிந்த டச்டவுன் இல்லை. ஓடிப் போட்ட இரண்டு ரேட்டிங்குக்குத் தெரியாது. காகிதத்தில் கணக்குப் போட்டால் ஜாக்சனுக்கு 114, ஆலனுக்கு 87. ஜாக்சன் பந்தை நழுவவிட்டு எதிரணிக்குக் கொடுத்ததும் அந்த 114க்குத் தெரியாது.

ஆட்டம் முடிய 93 விநாடி இருக்கும்போது ஜாக்சன் இரண்டாவது டச்டவுனை எறிந்தார். 27க்கு 25. சமன் செய்ய, டச்டவுனுக்குப் பிறகு கிடைக்கும் இரண்டு புள்ளி முயற்சி ஒன்று பாக்கி. வலப்பக்கம் நகர்ந்துகொண்டே எறிந்தார். மார்க் ஆண்ட்ரூஸ், ஜாக்சன் ஆண்டுக்கணக்காக நம்பி எறியும் ஆள், கோட்டருகே தன்னந்தனியாக இருந்தார். பந்து நேராகக் கைக்குப் போய், கையிலிருந்து நழுவிப் பனியில் விழுந்தது. ஆட்டம் முடிந்தமாதிரிதான்.

மறுநாள் காபி மெஷின் பக்கத்தில் என் நண்பர் இரண்டு கையையும் நீட்டி, பந்து எங்கே பட்டு எப்படி நழுவியது என்று நடித்துக் காட்டினார். இளைஞர் ஃபோனில் ஜாக்சனின் 25 எறிகளையும் வரிசையாகத் தேடிக்கொண்டிருந்தார். கிடைக்கவில்லை. இரண்டு புள்ளி முயற்சியில் எறிவதை எறிவதாகவே கணக்கில் சேர்ப்பதில்லை, அது விதி. அந்த வருடம் எல்லோரும் பேசிய எறி அந்த 25க்குள் இல்லை.