வீட்டுக்காரர் மீதும் பொறுப்பு உண்டு

நேயர்களுக்கு வணக்கம். தரைவீட்டை இடித்துக் கட்டவோ, மேலே ஒரு மாடி எழுப்பவோ நினைப்பவர்களிடம், தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், ரொக்கமாகக் கொடுத்தால் மலிவாக முடித்துத் தருவார் என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. அவருக்கு உரிமம் இல்லையென்றால் அகப்படுவது அவர்தானே என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். சிங்கப்பூரின் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தகுதிபெற்ற பொறியாளர் அல்லது கட்டடக் கலைஞரையும், கட்டுமான வேலையை ஒப்பந்தமெடுத்துச் செய்யும் உரிமம் பெற்ற குத்தகையாளரையும் நியமிக்கும் கடமையை அது வேலையைச் செய்விப்பவர் மீதே, அதாவது வீட்டுக்காரர் மீதே, சுமத்துகிறது.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சிராங்கூன் சாலையைத்தான் நினைவூட்டுவேன். அங்கே, பெருமாள் கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஓவன் சாலை வந்து சேரும் முனையில், ஹோட்டல் நியூ வோர்ல்டு இயங்கிய ஆறு மாடிக் கட்டடம் 1986 மார்ச் 15ஆம் தேதி, ஒரு நிமிடத்துக்குள், இடிந்து தரைமட்டமானது. இடிபாடுகளிலிருந்து 17 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். 33 பேர் இறந்தனர். விசாரணையில் வெளிவந்த செய்தியை இன்று சொன்னாலும் நம்பச் சிரமமாக இருக்கிறது. உள்ளே வரும் ஆட்களின் எடையையும் பொருள்களின் எடையையும் கணக்கிட்டவர்கள், கட்டடத்தின் சொந்த எடையையே, அந்தக் கான்கிரீட்டையும் செங்கல்லையுமே, விட்டுவிட்டார்கள். வடிவமைப்பைச் செய்தவர் தகுதிபெற்ற பொறியாளர் அல்லர், வரைவாளர். அது போதாதென்று, பிற்காலத்தில் வெளிச்சுவர் ஓடுகள், கூரைமேல் குளிரூட்டிச் சாதனங்கள் என்று பாரம் ஏறிக்கொண்டே போனது. கட்டியவுடன் விழவில்லை, பதினைந்து ஆண்டுக்காலம் நின்றது என்பதையும் கவனியுங்கள். 1989இல் வந்த இந்தக் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டமும், 2009இல் நடைமுறைக்கு வந்த குத்தகையாளர் உரிம முறையும் இந்தப் பின்னணியில்தான் பார்க்கப்பட வேண்டியவை.

உரிமம் என்பது கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவைக்கும் காகிதமன்று. உரிமம் பெற்ற நிறுவனத்தில் வேலையை மேற்பார்வையிடத் தகுதியுள்ள தொழில்நுட்பப் பொறுப்பாளர் இருந்தாக வேண்டும். ஆகவே வேலையிடப் பலகையில் ஒரு பெயரும், முன்பணத்துக்குக் குத்தகையாளர் எழுதித்தரும் ரசீதில் வேறொரு பெயரும் இருந்தால், பணம் கொடுப்பதை அங்கேயே நிறுத்திவிடுங்கள். உரிமத்தை இரவல் வாங்கியிருக்கலாம். அனுமதியின்றி எழுப்பிய பகுதியை இடிக்கச் சொல்லி ஆணை வந்தால், அது வீட்டுக்காரரின் பெயருக்குத்தான் வரும். கட்டட நிறைவுச் சான்றிதழ் இல்லாத வீட்டை விற்கப்போகும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் கேட்கும் கேள்விகளுக்கும் அவரேதான் பதில் சொல்ல வேண்டும்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக, வீடுகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். அங்கே புதுப்பிப்புப் பணிக்கு வீவகவின் பட்டியலில் உள்ள குத்தகையாளரையே அமர்த்த வேண்டும். தூணையும் உத்தரத்தையும் தொடக்கூடாது. சுவரை இடிக்க முன் அனுமதி வேண்டும். மின்சார வேலைக்கும் தண்ணீர்க் குழாய் வேலைக்கும் தனித்தனி உரிமக்காரர்கள் உண்டு. தரைவீடு கட்டுபவர்கள், கட்டட, கட்டுமான ஆணையத்தின் இணையத்தளத்தில் குத்தகையாளரின் பெயரைத் தேடிப் பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள். நன்றி, வணக்கம்.