ரெட்லைனை 9000க்கு ஏத்தினா பவர் கூடுமா? மலைநாட்டு கராஜிலிருந்து ஒரு கணக்கு

[காட்சி: மரமேசையில் ஒரு வால்வும் ஒரு பிஸ்டனும். தகரக் கூரையில் மழைச் சத்தம்.]

இந்த வால்வைக் கொஞ்சம் கிட்டப் பாருங்க. பார்வைக்குத் தண்டு நேராத்தான் இருக்கு. கண்ணாடி மேல வச்சு உருட்டினா தலை எப்படிக் கோணலாச் சுத்துதுன்னு பாருங்க. பக்கத்தில இருக்கிறது அதே சிலிண்டர்ல இருந்த பிஸ்டன். அதோட தலையில, நகத்தால அழுத்தின மாதிரி ஒரு பிறை தெரியுதா? வால்வும் பிஸ்டனும் முட்டிக்கிட்ட இடம் அது. கார் என்னோடது, தப்பும் என்னோடது. அந்தக் கதையை நடுவில சொல்றேன்.

போன வாரம் தலவாக்கலையிலருந்து ஒரு தம்பி வந்தார். கார் ஹோண்டா சிவிக் ஈகே3. உள்ள இருக்கிறது டி15பி வீடெக் எஞ்சின், 1.5 லீற்றர், 7000 ஆர்பிஎம்ல, அதாவது நிமிஷத்துக்கு 7000 சுத்துல, 130 குதிரைச் சக்தி. வந்ததும் கேட்டது இதைத்தான்: "அண்ணே, ரெட்லைனை 9000க்கு ஏத்தித் தாங்க. எஸ்2000 போகுதுதானே, இதுவும் ஹோண்டாதானே?"

ரெட்லைன்னா எஞ்சின் தாண்டக்கூடாத ஆர்பிஎம் எல்லை. சிரிச்சேன். ஆனா கேள்வி நல்ல கேள்வி. ஏன்னு சொல்றேன்.

1999ல வந்த ஹோண்டா எஸ்2000 ஸ்போர்ட்ஸ் கார்ல எஃப்20சி எஞ்சின். அதுல பிஸ்டன் மேலயும் கீழயும் போய்வர்ற தூரம், ஸ்ட்ரோக், 84 மில்லிமீற்றர். தம்பியோட டி15பியில 84.5. அரை மில்லிமீற்றர்தான் வித்தியாசம். அப்போ 9000ல ரெண்டு பிஸ்டனோட சராசரி வேகமும் செக்கனுக்கு 25 மீற்றரைத் தாண்டி, ஏறக்குறைய ஒண்ணாத்தான் இருக்கும். ஒண்ணு 9000 போகலாம், மத்தது போகக்கூடாதுன்னா காரணம் என்ன?

[காட்சி: வெள்ளைப் பலகை. மார்க்கர் பேனா.]

பவர்னா என்னன்னு முதல்ல எழுதிடுவோம். எஞ்சின் சுத்துற முறுக்கு விசை, நாங்க டோர்க்னு சொல்றது, அதை ஆர்பிஎம்மால பெருக்கி 7023ஆல வகுங்க. டோர்க் நியூட்டன் மீற்றர்ல இருந்தா விடை குதிரைச் சக்தியில வரும். இந்த ஒரு வரி தெரிஞ்சா கராஜ்ல யாரும் உங்களை ஏமாத்த முடியாது.

டி15பியைப் போடுவோம். 7000ல 130 குதிரைன்னா அந்த இடத்தில டோர்க் 130 நியூட்டன் மீற்றர் அளவு. இப்போ எஞ்சின்ல வேற எதையும் தொடாம, ஈசியூவில, எஞ்சினை ஆளுற கம்ப்யூட்டர்ல, ஆர்பிஎம்மைக் கட்டுப்படுத்துற லிமிட்டரை மட்டும் 9000க்கு ஏத்திட்டேன்னு வைங்க. காத்து உள்ள வர்ற அந்தச் சின்ன போர்ட்டும், வால்வைத் தள்ளித் திறக்கிற அந்தக் கேமும் அவ்வளவு வேகத்தில காத்தை உள்ள விடாது. டோர்க் 80க்கு விழுந்துடுச்சுன்னு வச்சுக்குவோம். 80 தடவை 9000, வகுத்தா 102 குதிரை. சத்தம் மட்டும் கூடிச்சு, 28 குதிரை காணாமப் போச்சு. அந்த நேரம் அடுத்த கியரைப் போட்டிருந்தா முன்னாடி போயிருப்பீங்க.

எஸ்2000ஐப் பாருங்க. உச்ச டோர்க் 7500ல 218. ஜப்பான் மொடல்ல 8300ல 250 குதிரை, அப்படின்னா அங்கயும் டோர்க் 211க்கு மேலதான். அதாவது 8300லயும் அந்த எஞ்சினுக்கு மூச்சு வாங்கல. மூச்சு இருக்கிறதாலதான் ரெட்லைனை 9000ல வச்சாங்க. இந்த வரிசையை நம்ம பொடியன்கள் தலைகீழாப் பிடிச்சுக்கிறாங்க.

மூச்சு எப்படி வருது? ஹட்டன் பஸ் ஸ்டாண்டை நினைங்க. சிலிண்டர்தான் பஸ், வால்வுதான் கதவு. பஸ் நின்னு நின்னு மெதுவாப் போனா எல்லாரும் ஏறிடுவாங்க. ஆர்பிஎம் கூடக் கூட, பஸ் நிக்கிற நேரம் குறையுது. 7000ல ஒவ்வொரு வால்வும் ஒரு செக்கனுக்கு 58 தடவை திறந்து மூடுது. அப்போ கதவை அகலமாக்கணும், இல்லைன்னா கூடுதல் நேரம் திறந்து வைக்கணும். அகலமாக்கிறதுதான் பெரிய வால்வும் போர்ட் வேலையும். எஸ்2000க்கு சிலிண்டர் விட்டம் 87 மில்லிமீற்றர், டி15பிக்கு 75. 75ல எவ்வளவு பெரிய கதவு வைக்க முடியும்? ஸ்ட்ரோக் ஒண்ணா இருந்தும் ரெண்டும் வேற எஞ்சின் ஆகிறது முதல்ல இங்கதான்.

நேரத்தைக் கூட்டுறது கேமோட வேலை. ட்யூரேஷன், அதாவது வால்வைத் திறந்து வைக்கிற அளவு, கூடின கேம் போட்டா, பிஸ்டன் மேல ஏற ஆரம்பிச்ச பிறகும் கொஞ்ச நேரம் இன்டேக் வால்வு திறந்திருக்கும். அதிவேகத்தில காத்து ஓடி வந்த உந்துல, பிஸ்டன் ஏறினாலும் உள்ள வந்து அடையும். ஆனா 2500, 3000ல? உந்து இல்ல. பிஸ்டன் தள்ளுது, ஏறின ஆக்கள் அதே கதவால இறங்கிப் போறாங்க. ரேஸ் கேம்ல இன்டேக் வால்வும் புகை போற வால்வும் கொஞ்ச நேரம் ஒண்ணாத் திறந்திருக்கும், முக்கியமா அதனாலதான் அந்தக் கார் ஐடில்ல குதிச்சுக் குதிச்சு நிக்குது. கேட்க ரசமா இருக்கும். றம்பொடை முடக்குல ரெண்டாவது கியர்ல 3000க்கு விழுந்து, முன்னால ஒரு கொழுந்து லொறி, பின்னால ஒரு கண்டி பஸ். அப்போ அந்த ரசம் தெரியாது.

கேம் மாத்தினா ஈசியூவையும் திரும்ப டியூன் பண்ணணும். புகையை வெளிய எடுக்கிற ஹெடர் குழாயும் அதுக்கு ஒத்துப் போகணும். மலை ரோட்டுக்கு நான் நாலு குழாய் ரெண்டாகி, பிறகு ஒண்ணாகிற நாலு-ரெண்டு-ஒண்ணு மாதிரி ஹெடரைத்தான் எடுப்பேன், அது நடு ஆர்பிஎம்மைக் கைவிடாது. ஏர் ஃபில்டரைப் பத்தி ஒண்ணே ஒண்ணு: பொனட்டுக்குள்ள சூட்டை உறிஞ்சுற கோன் ஃபில்டரை விட கம்பனி பெட்டியே மேல்.

[காட்சி: பிஸ்டனைக் கையில் எடுத்து, கனெக்டிங் ராடோடு சேர்த்துக் காட்டுதல்.]

இப்போ இரும்புக்கு வருவோம். பிஸ்டன் மேல போய் ஒரு கணம் நின்னு திரும்புது பாருங்க, அந்தத் திருப்பத்தில, அதைத் தாங்குற கனெக்டிங் ராடைப் பிடிச்சு இழுக்குது. பிஸ்டன் 300 கிராம்னு வச்சுக்குவோம். 84.5 ஸ்ட்ரோக்ல 7000ல அந்த இழுவை சுமார் 900 கிலோ. ஒரு சுசுகி ஆல்ட்டோவைக் கட்டித் தொங்கவிட்டாலும் அவ்வளவு பாரம் வராது. 9000க்கு ஏத்தினா? ஆர்பிஎம்மோட வர்க்கத்துக்குத்தான் இழுவை ஏறும். ஆர்பிஎம் 29 சதவீதம் கூடினா இழுவை 65 சதவீதம் கூடும். ரெண்டு ஆல்ட்டோ. அதைத் தாங்குறது ராடோட அடியில இருக்கிற ரெண்டு போல்ட். எஸ்2000ல பிஸ்டனும் ராடும் ஃபோர்ஜ் பண்ணினது, அதாவது அடிச்சு அழுத்தி உருவாக்கினது. டி15பியில இருக்கிறது கடைக்குப் போய்வர்ற காருக்குன்னு வார்த்த பிஸ்டன்.

ராடுக்கு முன்னால தோத்துப் போறது வால்வு ஸ்பிரிங். கேம் வால்வைத் தள்ளித் திறக்கும், ஆனா மூடுறது ஸ்பிரிங்தான். வேகம் கூடினா ஸ்பிரிங்கால வால்வை கேமோட ஒட்டி வச்சிருக்க முடியாது. வால்வு மிதக்க ஆரம்பிக்கும். மிதக்கிற வால்வு, ஏறி வர்ற பிஸ்டனுக்கு வழி விடாது.

என் கதை இதுதான். ஏப்ரல் சீசன்ல நுவரெலியாப் பக்கம் மகாகஸ்தோட்டையிலயும் ரதல்லையிலயும் மலையேற்றப் பந்தயம் நடக்கும், தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். அப்படி ஒரு பந்தயத்துக்குப் பழக, மூடின ரோட்டில ஓட்டிக்கிட்டிருந்தேன். மூணாவது கியர்ல 6800. நாலைப் போட இழுத்தேன். கை கொஞ்சம் இடது பக்கம் சாய்ஞ்சிருக்கு, விழுந்தது ரெண்டு. மூணு 1.25, ரெண்டு 1.85ன்னு வச்சுக் கணக்குப் போடுங்க: 6800 ஒரே அடியில பத்தாயிரம் ஆகுது. லிமிட்டர் இருந்ததே? இருந்தது. லிமிட்டர் பெற்றோலைத்தான் வெட்டும். அப்போ எஞ்சினைச் சுத்தினது பெற்றோல் இல்ல, டயர். கிளட்ச்சை மிதிக்க அரைச் செக்கன் எடுத்திருப்பேன். அதுக்குள்ள ரெண்டு வால்வு வளைஞ்சிடுச்சு. எங்க கராஜ் பாஸ் சிலிண்டர் ஹெட்டைக் கழட்டி, இந்த வால்வை என் கையில வச்சிட்டு ஒண்ணும் பேசல, தேத்தண்ணி குடிக்கப் போயிட்டார்.

அதனால கேம் மாத்துற யாருக்கும் நான் சொல்றது: ஸ்பிரிங்கையும், அதைப் பிடிச்சு வைக்கிற ரிட்டெய்னரையும் சேர்த்து மாத்துங்க. கூடுதல் ஆர்பிஎம் ஓடுறதுக்குன்னு இல்ல, கை தவறுற அந்த ஒரு நாளுக்காக.

ஒயிலையும் மறக்காதீங்க. நீளமான முடக்குல ஒயில் சம்ப்ல, எஞ்சின் அடியில இருக்கிற ஒயில் தொட்டியில, ஒரு பக்கமா ஒதுங்கும். பிக்கப் குழாய் காத்தை உறிஞ்சும். பேரிங் முடிஞ்சது. சம்ப்புக்குள்ள தடுப்புத் தகடு வெல்டிங் பண்ணிப் போடுறது இந்தப் பட்டியல்லயே மலிவான வேலை, யாரும் கேட்டு வர்றதில்ல.

[காட்சி: நானுஓயா ரோடு. மூடுபனி. தேயிலை மலை.]

அடுத்தது கொழும்புக்காரங்க யோசிக்கத் தேவையில்லாத விஷயம். நுவரெலியா கடல் மட்டத்திலருந்து 1868 மீற்றர். அங்க காத்தழுத்தம் கடலோரத்தில இருக்கிறதில 80 சதவீதம்தான். காத்தை அழுத்தி உள்ள தள்ளுற டர்போ இல்லாத எஞ்சினுக்கு 15லருந்து 20 சதவீதம் பவர் குறையும். கொழும்புல ஏறின 130 குதிரையில இருபதுக்கு மேல நானுஓயா வர்றதுக்குள்ள இறங்கிடும். ஹெடர், ஃபில்டர், சைலன்சர்னு லட்சக்கணக்கில சல்லி கொட்டித் தேடிக்கிறது அதைவிடக் குறைவு. டர்போ கார்களுக்கு இங்க மரியாதை கூடினது இதனாலதான். காத்து மெலிஞ்சாலும் டர்போ இன்னும் வேகமாச் சுத்தி, அழுத்தத்தைப் பெருமளவு ஈடுகட்டிடும்.

இதுல இன்னொரு பொறி இருக்கு. மேல, குளிர்ல, மெல்லிய காத்தில காரை டியூன் பண்ணுவாங்க. தீப்பொறி விழுற நேரத்தை, இக்னிஷன் டைமிங்கை, நல்லா முன்னுக்குத் தள்ளுவாங்க, பெற்றோல் தானா வெடிக்கிற நொக்கிங் சத்தமே வராது. சிலிண்டருக்குள்ள காத்தே குறைவு, எங்கருந்து வரும்? அதே காரை ஒரு கல்யாணத்துக்குக் கொழும்புக்கு இறக்குவீங்க. முழு அழுத்தம், 31 பாகை வெயில், டாங்கியில 92 ஒக்டேன். எஞ்சின் இதுவரை பார்க்காத லோடு அது, ஈசியூ அட்டவணையில, மேப்ல, அந்தக் கட்டங்களை யாரும் ஓட்டிப் பார்த்ததும் இல்ல. நெடுஞ்சாலையில ஏறி மிதிச்சா, டின்னுக்குள்ள கல்லுப் போட்டுக் குலுக்கின சத்தம் கேட்கும். பிஸ்டன் ஓரம் உடைய அது போதும். மேல டியூன் பண்ணினாலும் கடைசிப் பார்வை கீழதான் பார்க்கணும், 95 ஊத்தி.

சரி, தம்பிக்கு என்ன செஞ்சோம்? ரெட்லைனைத் தொடல. கியர் பெட்டியில ஃபைனல் டிரைவை, சக்கரத்துக்குப் போற கடைசிக் கியர் விகிதத்தை, கொஞ்சம் குட்டையாக்கலாம்னு பேசியிருக்கோம். அதே எஞ்சின், அதே 130 குதிரை, ஆனா ஒவ்வொரு கியர்லயும் சக்கரத்துக்குப் போற இழுவை கூடும். முடக்கை விட்டு வெளிய வரும்போது எஞ்சின் 3000ல தூங்காம 3500ல நிக்கும். நெடுஞ்சாலையில கொஞ்சம் சத்தமும் பெற்றோல் செலவும் கூடும்தான். தலவாக்கலைக்கும் நுவரெலியாவுக்கும் நடுவில ஓடுற காருக்கு அது பெரிய கணக்கு இல்ல. தம்பி முகம் கொஞ்சம் வாடித்தான் போச்சு. 9000ன்னு நண்பர்கள்கிட்ட சொல்றதுக்கு இருக்கிற கெத்து ஃபைனல் டிரைவுக்கு இல்லையே.

[காட்சி: ஸ்பார்க் பிளக் கழற்றிய துளையில் கம்ப்ரஷன் கேஜ்.]

எதையும் வாங்குறதுக்கு முன்னால இதைச் செய்யுங்க. எஞ்சினைச் சூடாக்கி, நாலு பிளக்கையும் கழட்டி, இக்னிஷனையும் பெற்றோலையும் நிறுத்தி, எக்சிலேட்டரை முழுசா மிதிச்சுக்கிட்டு ஒவ்வொரு சிலிண்டரா கம்ப்ரஷன் பாருங்க. தம்பியோட கார்ல மூணு சிலிண்டர் ஒரே மாதிரி, நாலாவது மட்டும் பத்து சதவீதத்துக்கு மேல கீழ. கேமுக்குன்னு வச்ச சல்லி இப்போ பிஸ்டன் ரிங்குக்குப் போகுது. இன்னொண்ணு, கம்பனி கையேட்டில போட்டிருக்கிற எண்ணை இங்க தேடாதீங்க. ஹட்டன் 1270 மீற்றர் அளவு உயரம், நல்ல எஞ்சினே 14 சதவீதம் போலக் குறைச்சுத்தான் காட்டும். நுவரெலியாவில 20. அது தெரியாம நல்ல எஞ்சினைப் பிரிச்சுப் போட்டவங்களும் இருக்காங்க. நாலும் தங்களுக்குள்ள ஒத்துப் போகுதான்னு மட்டும் பாருங்க.