எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவர் தனியாக தெரபி அறை திறக்கலாமா?

[திரை: மாடிப்படி ஓரத்தில் ஒரு சின்னப் போர்டு. "மனநல ஆலோசனை, மாலை 5 முதல் 8 வரை"]

வணக்கம். சமூகப் பணியில் முதுகலை, அதாவது எம்.எஸ்.டபிள்யூ., முடித்துவிட்டு ஆஸ்பத்திரியிலோ தொண்டு நிறுவனத்திலோ நாலைந்து வருடம் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த யோசனை வந்தே தீரும். ப்ராஜெக்ட் முடிந்தால் வேலையும் முடிந்தது. சம்பளம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. வார்டில் நோயாளியோடும் குடும்பத்தோடும் மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசுவதோ நாம்தான். அதையே ஓர் அறை எடுத்துத் தனியாகச் செய்தால் என்ன?

செய்யலாம். எப்படி என்பதைத் தமிழ்நாட்டை வைத்தே பார்ப்போம்.

"தெரபி சைக்காலஜிஸ்டுகளின் வேலை ஆயிற்றே, சோஷியல் வொர்க்கர் எதற்கு அங்கே போகிறார்?" என்று கேட்பவர்கள் உண்டு. குடும்ப சிகிச்சையை வளர்த்தெடுத்த முன்னோடிகளில் ஒருவரான வர்ஜீனியா சட்டீர் சமூகப் பணி படித்தவர். ஒருவர் தன் வாழ்க்கைக் கதையைச் சொல்லும் விதத்தை வைத்தே வேலை செய்யும் நேரட்டிவ் தெரபியை உருவாக்கிய இருவரில் ஒருவரான மைக்கேல் வைட், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்து சமூகப் பணியாளர். ஆகவே யார் வீட்டுக்குள்ளும் நாம் எகிறிக் குதிக்கவில்லை.

[திரை: மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017]

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2017-இல் நிறைவேறி 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்கர், அதாவது மனநல சமூகப் பணியாளர், யார் என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். சமூகப் பணியில் முதுகலை வேண்டும். அதற்கு மேல், மேற்பார்வையோடு கூடிய மருத்துவமனைப் பயிற்சி அடங்கிய இரண்டு வருட முழுநேர எம்.ஃபில்., சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க் பாடத்தில், வேண்டும். இப்படிப் படித்தவர்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்துகொண்டால், சட்டத்தின் பார்வையில் மனநல நிபுணர்கள். வெறும் எம்.எஸ்.டபிள்யூ.வோடு நிற்பவர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

2021-இல் வந்த இணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டமும் கிளினிக்கல், சைக்கியாட்ரிக், மெடிக்கல் சோஷியல் வொர்க்கர்களைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. காகிதத்தில் எல்லாம் ஒழுங்கு. தெருவில்? 'கவுன்சலர்' என்று போர்டு மாட்டிய ஒருவரிடம் "உங்கள் பதிவு எண் என்ன" என்று கேட்டு யாரும் கதவைத் தட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. அமெரிக்காவில் நிலைமை வேறு. கலிபோர்னியாவில் எம்.எஸ்.டபிள்யூ. முடித்தபின் மேற்பார்வையில் 3,000 மணி நேரம் வேலை செய்து, தேர்வும் எழுதினால்தான் கிளினிக்கல் லைசென்ஸ். அது கையில் இருந்தால் சொந்த கிளினிக் திறந்து இன்சூரன்ஸ் நிறுவனங்களிடம் நேராகப் பணம் கேட்கலாம். இங்கே அப்படி ஒரு சோதனைச்சாவடி கிடையாது. யாரும் நிறுத்தாததாலேயே நாம் தயார் என்று நினைத்துவிடுகிறோம்.

[திரை: படிப்பு]

எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு நம்மூரில் பஞ்சமில்லை. 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் எழும்பூரில் இருக்கிறது. மதுரை, கோவை, திருச்சியிலும் நல்ல துறைகள் உண்டு. தெரபிதான் குறி என்றால் மெடிக்கல் அண்டு சைக்கியாட்ரிக் சிறப்புப் பாடத்தை எடுங்கள். களப்பணிக்கு மனநல மருத்துவமனையைக் கேட்டு வாங்குங்கள், கிடைத்ததை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது எம்.ஃபில். பெங்களூரு நிம்ஹான்ஸ், ராஞ்சியின் மத்திய மனநல நிறுவனம், அசாமில் தேஜ்பூர் என்று விரல் விட்டு எண்ணும் இடங்கள்தான் முன்னணி. நுழைவுத் தேர்வு உண்டு, இடங்கள் குறைவு. இங்கே ஒரு சிக்கலும் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022 விதிமுறைகளில் எம்.ஃபில். என்ற பட்டத்தையே நிறுத்தியது. அப்புறம் கிளினிக்கல் சைக்காலஜிக்கும் சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்குக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிப்புக் கொடுத்தது. சட்டத்தின் வரையறையிலோ எம்.ஃபில். என்றுதான் எழுதியிருக்கிறது. ஆகவே எந்தப் படிப்பில் சேர்ந்தாலும், பணம் கட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்: "இந்தப் பட்டத்தை வைத்து மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்ய முடியுமா?"

இரண்டு நாள் ஜூம் வகுப்பில் 'சர்டிஃபைடு தெரபிஸ்ட்' ஆக்கும் படிப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. சுவரில் மாட்ட ஃப்ரேம் வாங்கும் செலவு மிச்சமாகட்டும்.

[திரை: ஒரு வெள்ளைத்தாள். பென்சில் கோடுகள் ஒவ்வொன்றாக விழுகின்றன]

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். சமூகப் பணியாளர் தெரபி அறைக்குள் எதைக் கொண்டுவருகிறார்? ஒரு கற்பனை உதாரணம். அம்பத்தூரில் ஏற்றுமதி ஆடைக் கம்பெனியில் சூப்பர்வைசர், வயது 34. தூக்கமே இல்லை, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்று வருகிறார். தைராய்டு, ரத்த சோகை எல்லாம் பார்த்தாகிவிட்டது, சரியாக இருக்கிறது. புத்தகத்தை மட்டும் படித்தவர் தூக்கப் பழக்கங்களில் தொடங்குவார்: பத்து மணிக்கு போனை ஓரம் வையுங்கள், சாயங்காலத்துக்கு மேல் காபி வேண்டாம்.

நாம் ஒரு தாளை எடுத்து ஜீனோகிராம், அதாவது குடும்ப உறவுகளின் வரைபடம், வரைகிறோம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். இறந்தவர்கள் மேல் பெருக்கல் குறி. சண்டை இருக்கும் உறவுக்கு மடிந்து மடிந்து போகும் ஜிக்ஜாக் கோடு, ஒட்டாத உறவுக்குப் புள்ளிக்கோடு. வரைந்துகொண்டே கேட்கிறோம்: "வீட்டில் யார் எங்கே படுப்பீர்கள்?" ஒரே படுக்கையறை. ஹாலில் பக்கவாதம் வந்த மாமியார். ராத்திரி இரண்டு முறை எழுப்புவார். கணவருக்கு நைட் ஷிஃப்ட். விடியற்காலை தண்ணீர் லாரி. இந்தப் பெண் தூங்குவதற்கு அந்த வீட்டில் நேரமே இல்லை! சதுரங்களுக்கும் வட்டங்களுக்கும் நடுவில் அது பளிச்சென்று தெரிகிறது.

மாமியாருக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருவார் என்பது நமக்குத் தெரியும். வாரத்தில் இரண்டு இரவு நாத்தனார் வந்து பார்த்துக்கொள்ள முடியுமா என்று பேச வைக்கவும் தெரியும். வேலூர் சி.எம்.சி.யின் மனநலப் பிரிவில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சை பெறும் வழக்கம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. ஆளைக் குடும்பத்திலிருந்து பிய்த்தெடுத்துப் பார்க்காத அந்தக் கண், நம் படிப்பிலேயே ஊறியது.

பள்ளமும் இதே இடத்தில்தான். நமக்குக் கை சும்மா இருக்காது. போன் போடுவோம், மனு எழுதுவோம், ஆளைப் பிடிப்போம். அந்தப் பெண் மூன்றாவது செஷனில் வந்து, "ரொம்ப நன்றி மேடம், பிசியோ வந்துட்டாங்க" என்கிறார். முகம் மட்டும் அப்படியே இருக்கிறது. அடுத்து எந்தத் திட்டம் என்று நம் மனசு ஓடுகிறது. அங்கே வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அப்போதுதான் அவர் சொல்வார்: "பத்து வருஷமா அவர் ஒரு தடவைகூட 'நீ படு, நான் பார்த்துக்கிறேன்'னு சொன்னதில்லை." தெரபி தொடங்குவது அந்த வாக்கியத்தில். அதற்கு எந்த அலுவலகத்திலும் படிவம் கிடையாது. செய்து கொடுத்தே பழகியவர் கூடவே உட்காரப் பழகுவதற்குச் சில வருடங்கள் பிடிக்கும். பாதையின் நீளம் முக்கால்வாசி இதுதான்.

[திரை: கோடு போட்டு மூன்று பத்திகளாகப் பிரித்த நோட்டுப் பக்கம்]

அந்தப் பழக்கத்தைத் தருவது சூப்பர்விஷன், அதாவது அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வை. எம்.எஸ்.டபிள்யூ. காலத்தில் நாம் எல்லோரும் திட்டிக்கொண்டே எழுதிய ஃபீல்டு வொர்க் ரெக்கார்டு நினைவிருக்கிறதா? அதுவேதான் இங்கே கைகொடுக்கிறது. ஒரு செஷனில் பத்து நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் வந்தவர் சொன்னது, இரண்டாவதில் நீங்கள் சொன்னது, மூன்றாவதில் அந்த நொடியில் உங்களுக்குள் என்ன ஓடியது. பெயரும் ஊரும் தெரியாதபடி மாற்றி எழுதுங்கள். மூன்றாவது பத்தி காலியாக இருந்தால், நல்ல சூப்பர்வைசர் அங்கேதான் விரல் வைப்பார். மாதம் இரண்டு முறையாவது, காசு கொடுத்தாவது, அனுபவமுள்ள ஒருவரிடம் போங்கள். நண்பர்களோடு டீக்கடையில் கேஸ் பேசுவது சூப்பர்விஷன் ஆகாது, ரகசியத்துக்கும் கேடு.

மாவட்ட மனநலத் திட்டத்திலோ, போதை மீட்பு மையத்திலோ, மனச்சிதைவு நோய்க்காக இயங்கும் சென்னை ஸ்கார்ஃப் போன்ற அமைப்பிலோ சில வருடம் வேலை பார்த்த பிறகு தனியாக வருவதே நல்லது என்பது என் கருத்து. மனச்சிதைவின் தொடக்கம் எப்படி இருக்கும், பைபோலார் என்ற இருமுனை மனநோயில் எழுச்சி நிலை எப்படி உற்சாகம் மாதிரியே வேஷம் போடும் என்பதைப் பல முகங்களில் பார்த்திருக்க வேண்டும். தனி அறையில் பக்கத்தில் டாக்டர் இருக்க மாட்டார்.

ஓர் உதாரணம் போதும். தினமும் குடிப்பவரின் மனைவி வருகிறார். "நாளையிலிருந்து ஒரு சொட்டு கூடாது என்று சொல்லிவிடுங்கள்" என்று நாம் ஆலோசனை தந்துவிட்டால்? நீண்ட நாள் அளவுக்கு மீறிக் குடித்த உடம்பு, திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், மனக்குழப்பத்தோடு கூடிய நடுக்க ஜன்னி வரலாம், உயிரே போகலாம். முதலில் டாக்டர், பிறகு தெரபி. அறை திறக்கும் முன்பே, நீங்கள் அனுப்பினால் அன்றைக்கே பார்க்கக்கூடிய மனநல மருத்துவர் ஒருவரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவரும் உங்களுக்கு ஆள் அனுப்புவார். தொடக்கத்தில் வருபவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் வருவார்கள்.

[திரை: அறை]

இனி அறை. முழு வாடகைக்கு எடுக்காதீர்கள். குழந்தை மருத்துவரோ பல் மருத்துவரோ உட்காராத மாலை நேரத்தில் அவர்கள் கிளினிக்கில் ஓர் அறையை மணிக்கணக்கில் எடுக்கலாம். வெளியே உட்கார்ந்திருப்பவருக்கு உள்ளே பேசுவது கேட்கிறதா என்று கதவைச் சாத்தி, ஒருவரைப் பேசவிட்டுச் சோதியுங்கள். கேட்டால் அந்த அறை வேண்டாம்.

பணம்? ஒரு கற்பனைக் கணக்கு. செஷனுக்கு 1,000 ரூபாய், வாரத்துக்கு 12 பேர் நேரம் வாங்குகிறார்கள், இரண்டு பேர் வரமாட்டார்கள். மாதம் 40,000. அறைக்கு 8,000, சூப்பர்விஷனுக்கு 3,000. மீதி 29,000. அதுவும் முதல் ஆறு மாதத்தில் 12 பேர் வருவது சந்தேகம். ஆகவே வேலையை விடாமல் வாரம் இரண்டு மாலையில் தொடங்குங்கள். அரசு வேலையில் இருந்தால் பணி விதிகள் தனித்தொழிலை அனுமதிக்கின்றனவா என்பதை முதலில் பாருங்கள். வராதவர்களுக்கும் கட்டணம் உண்டா என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். நமக்குப் பணம் கேட்கக் கூச்சம் அதிகம். இத்தனை வருடம் இலவசமாகப் பேசிய வாய்!

முதல் நாளே சொல்ல வேண்டியவை இன்னும் உண்டு. "டாக்டர்" என்று கூப்பிட்டால் உடனே திருத்துங்கள், "நான் டாக்டர் இல்லைங்க, மருந்து எழுத மாட்டேன்" என்று. இரவு பதினோரு மணி வாட்ஸ்ஆப்புக்கு எப்போது பதில் வரும் என்பதைச் சொல்லுங்கள். சொந்தக்காரர்களை எடுக்காதீர்கள். சின்ன ஊர் என்றால், செஷனுக்கு வருபவரைக் கல்யாணப் பந்தியில் எதிர் இலையில் பார்ப்பீர்கள்; அவர் பேசினால் ஒழிய நீங்களாகப் பேச மாட்டீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் இருவருக்கும் நிம்மதி.

ரகசியத்துக்கும் எல்லை உண்டு. 18 வயதுக்குக் கீழே உள்ள ஒருவர் பாலியல் வன்முறைக்கு ஆளானது தெரிந்தால், போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை வரலாம். தெரபிஸ்டுக்கு விலக்குக் கிடையாது. இதைப் பேச்சுத் தொடங்கும் முன்பே அந்தப் பிள்ளைக்குப் புரியும் மொழியில் சொல்லாமல், எல்லாவற்றையும் கேட்டு முடித்தபின் சொன்னால், அது துரோகமாகத்தான் தெரியும்.

கடைசியாக, கட்டணம் கட்ட முடியாதவர்கள். வாரத்தில் ஒன்றிரண்டு இடங்களைக் குறைந்த கட்டணத்துக்கு ஒதுக்குவது நம் தொழிலில் இருந்து வந்த நல்ல வழக்கம், எண்ணிக்கையை முன்பே முடிவு செய்துகொண்டால் நீடிக்கும். மற்றவர்களுக்கு அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவு எந்தக் கிழமை, எந்த அறை என்று விசாரித்து ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். 24 மணி நேரமும் இலவசமாக இயங்கும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416-ஐயும் அதே சீட்டில் எழுதுங்கள். கட்டணம் கட்டுபவர்களுக்கும் அந்தச் சீட்டைக் கொடுக்கலாம், உங்கள் போன் அணைந்திருக்கும் நேரத்துக்கு.