மாத்திரை போடும் மாதங்களில் உடம்பின் சொந்த ஹார்மோன்கள்

வணக்கம் நேயர்களே. கருத்தடை மாத்திரை உடம்பில் ஹார்மோனை ஏற்றிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். நடப்பது கிட்டத்தட்ட நேர்மாறு. மாத்திரை உள்ளே போனதும் உடம்பு தன் சொந்த உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது.

வழக்கமான மாதத்தில் மூளையின் அடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, எஃப்.எஸ்.எச்., எல்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களைச் சுரக்கும். அவற்றின் தூண்டுதலில் சினைப்பையில் முட்டை வளரும், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறும். அது உச்சம் தொட்டதும் எல்.எச். குபுக்கென்று எழும், ஏறக்குறைய ஒன்றரை நாளில் முட்டை வெளியேறும். அதன் பிறகுதான் கருப்பையைக் கர்ப்பத்துக்குத் தயார்படுத்தும் புரோஜெஸ்டிரோன் பெருகும்.

கூட்டு மாத்திரையில் ஈஸ்ட்ரோஜனும், புரோஜெஸ்டிரோன் போல வேலை செய்யும் புரோஜெஸ்டினும் இருக்கின்றன. இரண்டும் ரத்தத்தில் இருப்பதை மூளை உணர்ந்ததும் பிட்யூட்டரியின் தூண்டுதல் குறைகிறது. எல்.எச். எழுச்சி இல்லை, முட்டை வெளிவருவதில்லை, சொந்த புரோஜெஸ்டிரோனும் மிகக் குறைவு. மாத்திரை இல்லாத நாட்களில் வரும் ரத்தப்போக்கும் உண்மையில் மாதவிடாய் அல்ல. மருந்து நின்றதால் வருவது. அது வராவிட்டால் கெட்ட ரத்தம் உள்ளே தங்கிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

அதிகம் பேசப்படாத விஷயம் ஒன்று உண்டு. மாத்திரையிலுள்ள ஈஸ்ட்ரோஜன் கல்லீரலையும் தூண்டுகிறது. ஹார்மோன்களைச் சுமந்து செல்லும் புரதங்களைக் கல்லீரல் கூடுதலாகத் தயாரிக்கிறது. அதில் ஒன்று, ஆண் ஹார்மோன் எனப்படும் டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து வைத்துக்கொள்வதால் சிலருக்கு முகப்பரு குறைகிறது. சிலர் தாம்பத்திய ஆர்வம் குறைந்ததாகவும் சொல்கிறார்கள். தைராய்டு ஹார்மோன், மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் இரண்டின் மொத்த அளவும் பரிசோதனையில் உயர்ந்து தெரியும். உடம்பு உண்மையில் பயன்படுத்தும் அளவு பெரும்பாலும் மாறியிருக்காது. மாத்திரை எடுப்பதை ஆய்வகத்திலும் மருத்துவரிடமும் சொல்லாமல் விட்டால், இல்லாத நோய்க்கு வைத்தியம் தொடங்கக்கூடும். எஃப்.எஸ்.எச்., எல்.எச். பரிசோதனைகளை மாத்திரை எடுக்கும் காலத்தில் செய்து பார்ப்பதில் பெரிதாகப் பயனில்லை.

அதே கல்லீரல்தான் ரத்தம் உறையச் செய்யும் பொருட்களையும் சற்று கூட்டுகிறது. 1960-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மாத்திரையோடு ஒப்பிட்டால், இன்றைய மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜன் மிகக் குறைவு. ஆனாலும் 35 வயதைக் கடந்து புகைபிடிப்பவர்களுக்கும், கண்ணில் மின்னல் தெறிப்பது போன்ற அறிகுறியோடு ஒற்றைத் தலைவலி வருபவர்களுக்கும் கூட்டு மாத்திரை ஏற்றதல்ல.

எல்லா முறைகளும் ஒரே மாதிரி இல்லை. கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனத்தின் விளைவு பெரும்பாலும் அந்த இடத்தோடு நிற்கிறது. அதை வைத்திருக்கும் பலருக்கு முட்டை வழக்கம்போல வெளியேறுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியோ ஈஸ்ட்ரோஜனைக் கணிசமாகக் குறைக்கிறது. எலும்பின் அடர்த்தியும் சற்றுக் குறையும். ஊசியை நிறுத்தியபின் பெரும்பாலும் மீளும்.

மாத்திரையை நிறுத்தியவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள் முட்டை வளர்ச்சி திரும்பிவிடும். ஊசிக்குப் பிறகு இதற்கு ஓராண்டுகூட ஆகலாம். முன்பே மாதவிடாய் ஒழுங்கற்று இருந்தவர்களுக்கு அந்தக் குறை மாத்திரையால் மறைந்திருக்கும். நிறுத்தியதும் மீண்டும் தலைகாட்டும், பழி மாத்திரைமேல் விழும். மூன்று மாதமாகியும் மாதவிடாய் வரவில்லையென்றால் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். கர்ப்பம் இல்லையென்றால் தைராய்டையும், பால் சுரக்கச் செய்யும் ஹார்மோனான புரோலாக்டினையும் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.