டிரான்ஸ்பார்மரைப் பெரிதாக்கினால் போதாதா, துணை மின் நிலையம் எதற்கு?

அடுத்த கேள்வி. திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: "எங்கள் ஊருக்கு 33/11 கேவி (33,000 வோல்ட்டை 11,000 ஆக இறக்கும்) துணை மின் நிலையம் வரப்போகிறது. இருக்கிற டிரான்ஸ்பார்மரைப் பெரிதாக்கினால் போதும், இடத்தைக் கொடுக்க வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். சாயங்காலம் ஆனால் மோட்டார் ஓடுவதில்லை. எது சரி?"

தம்பி, முதலில் ஒன்றைப் பாருங்கள். லோ வோல்டேஜ் வரும் நேரத்தில் டிரான்ஸ்பார்மரை ஒட்டிய வீட்டிலும் வோல்டேஜ் குறைகிறதா? பக்கத்து ஊர் டிரான்ஸ்பார்மரிலும் அப்படித்தானா? உங்கள் ஒரு டிரான்ஸ்பார்மரில் மட்டும் என்றால் அதில் சுமை கூடியிருக்கலாம், பெரிதாக்கினால் சரியாகும். எல்லா ஊரிலும் என்றால் கோளாறு அங்கே இல்லை, துணை மின் நிலையத்திலிருந்து டிரான்ஸ்பார்மர்களுக்கு வரும் 11 கேவி லைனில் இருக்கிறது.

கால்வாயில் கடைமடைக்குத் தண்ணீர் வராத கதைதான். தூரத்தில் இப்போது இருக்கிற துணை மின் நிலையத்தில் 11,000 வோல்ட் ஆகப் புறப்படுவது, வழியெல்லாம் மோட்டார்கள் இழுத்து, உங்கள் ஊருக்கு 9,000 ஆக வருகிறது என்று வையுங்கள். 433 வோல்ட் தர வேண்டிய டிரான்ஸ்பார்மர் அதே விகிதத்தில் 354தான் தரும். எவ்வளவு பெரியதை வைத்தாலும் உள்ளே வராததை அது எப்படி வெளியே கொடுக்கும்? வோல்டேஜ் 20 சதவீதம் குறைந்தால் மோட்டாரின் திருகுவிசை கிட்டத்தட்ட 36 சதவீதம் போய்விடும். ஓட முடியாமல் கூடுதல் கரண்ட் இழுத்து மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் கருகும். ரீவைண்டிங் செலவு யார் தலையில்? விவசாயி தலையில்தான்.

சரி, புதிய நிலையம் வந்தால் என்ன மாறும்? தூரத்திலிருந்து மின்சாரம் 33 கேவியில் வரும். 5 எம்விஏ (50 லட்சம் வோல்ட்-ஆம்பியர்) சுமையை 11 கேவியில் அனுப்பினால் கம்பியில் ஏறக்குறைய 262 ஆம்பியர் ஓடும். 33 கேவியில் 87 போதும். ஆம்பியர் மூன்றில் ஒரு பங்கானால், அதே கம்பியில் சூடாகி வீணாவது ஒன்பதில் ஒரு பங்காகும். 11 கேவிக்கு இறக்குவது உங்கள் ஊர்ப் பக்கத்தில் என்பதால் 11 கேவி லைன்களும் குட்டையாகும். இன்னொன்று, இப்போது எங்கோ ஒரு மரக்கிளை விழுந்தால் பத்து ஊர் இருட்டாகிறது. நிலையத்திலிருந்து கிளம்பும் 11 கேவி லைன்களை (ஃபீடர்களை) பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கோளாறு வந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் தனி பிரேக்கர் வைத்தால் அந்தப் பக்கம் மட்டும்தான் போகும்.

அதனால் இடத்தைக் கொடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் எந்த இடம் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். யாருக்கும் வேண்டாத புறம்போக்கு ஒரு மூலையில் கிடக்கிறது என்று அதைக் காட்டினால், மறுகோடி மறுபடியும் கடைமடைதான். மோட்டார்களும் வீடுகளும் எங்கே அதிகமோ, அதன் நடுவில் இருக்க வேண்டும். மழையில் தண்ணீர் நிற்காத மேடாகவும், டிரான்ஸ்பார்மர் ஏற்றிய லாரி வந்து திரும்பப் பாதை உள்ளதாகவும் பாருங்கள். ஊர் வரைபடத்தில் கிணறுகளைக் குறித்து எடுத்துக்கொண்டு அடுத்த கிராம சபைக்குப் போங்கள், தம்பி.