பாதி வீடு அவளுடையது

நடுவர் அவர்களே, வணக்கம். 'மணமான பெண்ணுக்குப் பாதுகாப்பு ஜீவனாம்சமா, சொத்தில் பங்கா?' என்பது தலைப்பு. சொத்தில் பங்குதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் கேட்டார்: "மாதாமாதம் பணம் வரச் சட்டம் இருக்கும்போது சொத்து எதற்கு?" ஐயா, மாதாமாதம் வருகிறதா? குடும்ப நீதிமன்ற வராந்தாவில் ஒரு நாள் நின்று பாருங்கள். இடுப்பில் பிள்ளை, கையில் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் கல்யாணப் பத்திரிகையும் ரேஷன் கார்டு நகலும். உள்ளே கணவரின் வக்கீல், "கட்சிக்காரருக்கு இப்போது வேலை இல்லை" என்பார். அடுத்த வாய்தா.

உத்தரவு கிடைத்துவிட்டது என்றே வையுங்கள். அவர் கட்டாவிட்டால் மறுபடி மனு போட வேண்டியது அவள்தான். அதையும் பாக்கி விழுந்த ஓராண்டுக்குள் போட வேண்டும். ஒரு மாதப் பாக்கிக்கு ஒரு மாதம் வரை அவரைச் சிறையில் வைக்கலாம். சிறைக்குப் போனாலும் பாக்கி பாக்கிதான். அவள் வீட்டு உலையில் அரிசி விழாது. 2001 வரை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவில் மாதத்துக்கு 500 ரூபாய்தான் உச்சவரம்பு என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தரவேண்டும், மனு போட்ட நாளிலிருந்தே ஜீவனாம்சம் தரவேண்டும் என்றது. மனமார வரவேற்கிறேன். ஆனால் அந்தப் பத்திரத்தில் எழுதும் வீடு யார் பெயரில் இருக்கிறது? அவள் சீட்டுப் பிடித்து, தாலிச் செயினை அடகு வைத்து எழுப்பிய வீடு, அவருடைய சொத்துக் கணக்கில் நிற்கிறது!

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பு தந்தார். கணவர் சவூதியில் உழைத்துப் பணம் அனுப்பினார். மனைவி இங்கே பிள்ளைகளை வளர்த்து, சொத்தும் வாங்கினார். எல்லாம் என் பணம் என்று வழக்குப் போட்டார் கணவர். வீட்டை அவள் தாங்கியதால்தான் அவரால் சம்பாதிக்க முடிந்தது என்று சொல்லி, சில சொத்துகளில் சரிபாதி தந்தது நீதிமன்றம். இல்லத்தரசியின் உழைப்பை அங்கீகரிக்கச் சட்டம் எதுவும் இதுவரை இயற்றப்படவில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அந்தச் சட்டத்தைத்தான் கேட்கிறோம்.

நடக்காத காரியமா? கோவாவில் போர்ச்சுகீசியர் காலச் சிவில் சட்டப்படி, கல்யாணத்தின்போது வேறு ஒப்பந்தம் எழுதாவிட்டால் சொத்து இருவருக்கும் பாதிப்பாதி. வீட்டை விற்க மனைவியின் கையெழுத்தும் வேண்டும்.

சொத்தே இல்லாத கூலிக் குடும்பத்தில் எதைப் பங்கு போடுவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அங்கே ஜீவனாம்சம் இருக்கட்டும், பறிக்கச் சொல்லவில்லை. ஆனால் வீடு இருக்கும் இடத்தில், கல்யாணமான நாள் முதல் சேர்த்ததில் பாதியை அவள் பெயரில் எழுதச் சட்டம் வேண்டும், அதுவே அவளுக்குப் பாதுகாப்பு என்று தீர்ப்பளியுங்கள் நடுவர் அவர்களே.